சுரங்கத்துக்குள் போன வாத்தியார்

எனக்குக் கல்யாணமாகி அரக்கோணத்திலிருந்து வேலூருக்கு வந்த வருஷம் பாலாறு வறண்டு கிடந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுப்போம். துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வருவாள். கோட்டையிலிருந்து ஆற்றுக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது, ராஜா தோற்ற அன்று ராணி கைக்குழந்தையோடு அதில் இறங்கித் தப்பித்தாள் என்று தோண்டத் தோண்டச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். இந்தக் கதையைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். "அகழிக்குக் கீழ எப்படி வெட்டுவான்? தண்ணி எறங்காதா?" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மண்வெட்டி செங்கல்லில் பட்டது. மணலை விலக்கினால் வளைவாகக் கட்டிய ஒரு வாய்.

"நான் சொன்னன்ல?" என்று அக்கா நிமிர்ந்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஆறு முழுக்கக் கூட்டம். யாரோ கற்பூரம்கூட ஏற்றிவிட்டார்கள். செய்தி கேட்டு வந்த என் கணவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஊர்ந்து போனார். கால் மறைந்தது. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்ல, "மாட்டிக்கினேன்" என்று குரல் வந்தது. அக்காவும் நானும் உள்ளே கைநீட்டிக் கணுக்காலைப் பிடித்து இழுத்தோம். உடம்பெல்லாம் சிராய்ப்போடு வந்து விழுந்தார்.

"பழைய மதகு. பத்தடியில மண்ணு மூடியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"அப்போ இவ்ளோ நேரம் இன்னா பண்ணீங்க வாத்தியாரே?" என்று அக்கா கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

பயத்தில் குரலே வரவில்லை என்று வீட்டில் என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டார்.

ஆற்றில் அவர் பதில் சொல்லாதது போதுமாயிருந்தது ஊருக்கு. வாத்தியார் கோட்டை வரைக்கும் போய்ப் பார்த்தாராம், வெளியே சொன்னால் கண் போய்விடுமென்று மறைக்கிறாராம். அவர் மறுக்க மறுக்கக் கதை வளர்ந்தது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், சவரக்கடையில் கேட்டார்கள். ஊரோடு சண்டை போட்டே அவருக்கு இரண்டு வருஷம் ஓடியது.

ஒருநாள் நெமிலிப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி வீடு தேடி வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இவர் வழக்கம்போல மதகைப் பற்றி ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை.

"அந்தப் பொண்ணு கொழந்தையோட நல்லபடியா போய்ச் சேந்துச்சா சாமி? அத மட்டும் சொல்லு."

அவர் வாழைப்பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சேந்துட்டாங்கம்மா" என்றார்.

நான் உள்ளே போய் அவளுக்கு இலை போட்டேன்.