தாய்மொழி கூடாது

அந்தமானில், சிப்பிகாட்டுக்கு அப்பால் ஒரு பள்ளியில் பங்கஜம் டீச்சர் ஆறு வருஷமாகத் தற்காலிகம். 1964இல், நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க மெட்ராஸ்காரரான இன்ஸ்பெக்டர் வந்தார். ஆங்கில வகுப்பில் தாய்மொழி கூடாது, டீச்சர் சொல்வதைப் பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அப்போதைய புது முறை.

எழுந்து நின்ற வகுப்பைப் பார்த்து அவர் “சிட் டவுன்” என்றார்.

நாற்பது பிள்ளைகளும் நின்றபடியே “சிட் டவுன்” என்றார்கள்.

மூன்று தடவை இப்படியே நடந்தது. பொறுக்க முடியாமல் டீச்சர், “அரே, பைட்டோ!” என்று கத்தினாள். உட்கார்ந்தார்கள்.

“தாய்மொழியில சொல்லிட்டீங்களேம்மா.”

“இந்தி இங்க யாருக்கு சார் தாய்மொழி? அவன் பெங்காலி, இவ தெலுங்கு, நான் தஞ்சாவூர்!”

அவர் அதற்குள் எழுதி முடித்திருந்தார். அடுத்த இன்ஸ்பெக்டர் கப்பலேறி வரும்வரை டீச்சர் தற்காலிகம்தான்.