கோணிக்குள் கேட்ட கேள்வி

அந்த வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீராக ஓடிக்கொண்டே வந்து நடுவில் ஓர் இடறல், உடனே பின்னால் புகைக்குழாயில் ஒரு வெடிப்பு. கடைத்தெருவில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஓட்டிக்கொண்டு வந்த என் தங்கை புருஷன் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். அவனும் நானும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். மாப்பிள்ளை ஆகிவிட்டான் என்பதற்காக மரியாதை கூட்டிப் பேசும் வழக்கம் எங்களுக்குள் கிடையாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பூந்தமல்லியில் ஒரு பழைய மாட்டுக்கொட்டகையை வாடகைக்குப் பிடித்து நான் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். வண்டி ஒரு காய்கறி மண்டி பாயுடையது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. திருவேற்காட்டுத் தோட்டங்களிலிருந்து கத்தரிக்காயும் கீரையும் ஏற்றிக்கொண்டு தினமும் பட்டணம் போய் வரும். பாய் வாங்கும்போதே அது கிழடு. அதைப் புதுசு என்று நம்பி வாங்கினவர் அவர் ஒருவர்தான்.

பாயும் பின்னாலேயே குதிரை வண்டியில் வந்து இறங்கினார். மாப்பிள்ளையைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் தணிந்த குரலில் பேசினார். வண்டி இப்படி வெடித்துக்கொண்டு போவதை ஊரே அவரிடம் வந்து சொல்லிவிட்டதாம், ஓட்டுகிறவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ரேஷன் பெட்ரோலை வெளியில் விற்றுவிட்டு டாங்கியில் மண்ணெண்ணெயைக் கலக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். அப்படி இருந்தால் இன்றோடு அவனுக்குக் கணக்கு முடித்துவிடுவதாகச் சொன்னார். உன் தங்கை புருஷன் என்பதால்தான் போலீசுக்குப் போகவில்லை என்றும் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாய் மேல் கொஞ்சம், மாப்பிள்ளை மேல் அதிகம். அந்த நாளில் டிரைவர்கள் பலரும் செய்த காரியம் அது. என் தங்கை கழுத்தில் கிடந்த தாலி நினைவுக்கு வந்தது. இவன் செய்திருக்க மாட்டான் என்று சத்தியம் பண்ண எனக்கு அப்போது வாய் வரவில்லை.

டாங்கியிலிருந்து கொஞ்சம் பிடித்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஊற்றிப் பார்த்தேன். காற்றோடு போய்விட்டது, எண்ணெய்க் கறை இல்லை. இன்றைக்கு நல்ல பெட்ரோல், நேற்று என்ன இருந்ததோ என்றார் பாய். மாலைக்குள் காரணத்தைக் காட்டுகிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

நாலு பிளக்கையும் கழற்றித் தேய்த்தேன். மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் துடைத்தேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். மாட்டி முடுக்கினால் நின்ற இடத்தில் பூனைக்குட்டி மாதிரி ஓடுகிறது, சுமையோடு மேட்டில் ஏறினால் பழையபடி வெடிக்கிறது. எப்போதிலிருந்து இப்படி என்று மாப்பிள்ளையைக் கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, இழுவை கொஞ்சம் குறைச்சல்தான், லோடு அதிகம் என்று நினைத்தேன் என்றான். ஊரே கேட்ட வெடிச்சத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இவன் மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியாக மிச்சம் இருந்தது பிளக் ஒயர்கள். ஒயரின் மேல்ரப்பர் எங்காவது வெடித்திருந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் தாவிவிடும். அந்தப் பொறி வெளிச்சத்தில் தெரியாது. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, தலையோடு சேர்த்து ஒரு கோணியைப் போர்த்திக்கொண்டு பார்ப்பது. இரண்டு கோணிகளைச் சேர்த்து எங்கள் இருவர் தலைக்கும் போட்டேன். அவன் பக்கம் இரண்டு ஒயர், என் பக்கம் இரண்டு. உள்ளே கும்மிருட்டு, பெட்ரோல் நெடி, முகத்தில் அனல்.

ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையாலேயே இழுத்துவிட்டு, "இன்னா மாப்ளே, உன் பக்கம் எதுனா தெரிதா?" என்றேன்.

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அவன் மூச்சு என் கன்னத்தில் படுகிற தூரத்தில் இருந்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கத்தினேன். அப்போதும் ஒன்றுமில்லை. ஆத்திரத்தில் கோணியை இழுத்து எறிந்துவிட்டு, தெரிகிறதா இல்லையா என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"தெரிதே மச்சான், மூணாவது ஒயரு, நீலமா பொறி பறக்குது," என்று உடனே சொன்னான்.

நான் இன்ஜினை நிறுத்திவிட்டு அவனுக்குப் பின்புறம் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. ஒயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டதும் திரும்பினான், என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே போய், இப்போது எதுவும் விழுவதில்லை என்றான். வாயசைவைப் பார்த்துத்தான் காலம் தள்ளுகிறானாம். என் தங்கைக்கும் தெரியாதாம். வண்டி வெடிப்பது அவனுக்குக் கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு.

சாயங்காலம் பாய் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே கோணிக்குள் தலையை விட்டுப் பொறியைப் பார்த்தார். வெளியே வந்து, உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றும் கேட்டார். பழைய வண்டி என்றால் வெடிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டான் பாய் என்று நானே முந்திக்கொண்டேன். தங்கை வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே.

வேறு ஒயர் மாட்டி, மூன்று பேரும் ஏறி வேலப்பன்சாவடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். வண்டி ஓர் இடறல் இல்லாமல் போனது. பாய் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். திரும்பும் வழியில் பின்னால் ராணுவ லாரி ஒன்று ஹாரன் அடித்தது. இவன் நடு ரோட்டில் போய்க்கொண்டே இருந்தான். ஹாரன் விடாமல் அலறிக்கொண்டு நெருங்கியது. நான் முழங்காலால் அவன் தொடையில் அழுத்தினேன். சட்டென்று இடது பக்கம் ஒதுக்கினான், லாரி எங்களை உரசுகிற மாதிரி போயிற்று. பாய் அந்த லாரிக்காரனைத் திட்டினார்.

மண்டி வாசலில் இறங்கியதும் மாப்பிள்ளை சாவியை எடுத்துப் பாய் கையில் வைத்தான். நான் கண்ணைக் காட்டினேன். அவன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, எனக்குக் காது கேட்காது பாய் என்று சொல்லிவிட்டான். பாய் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, காலையில் மண்டிக்கு வா, வேறு வேலை பார்க்கலாம் என்று மெதுவாக, அவனுக்குப் புரியும்படி சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் தெருவென்றும் பார்க்காமல் அவனைப் பிடித்துக்கொண்டேன். நான் மூடி மறைத்ததை நீ ஏன்டா உடைத்தாய் என்றேன்.

"இன்னிக்கு நீ பக்கத்துல குந்திகினு இருந்தே. நாளைக்கு யாரு கீறாங்க?" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்று, "நீ ஊட்டுக்கு வா மச்சான். அவ அழுவா. அழுதுகினே பேசினா வாய் கோணிக்கும், எனக்கு ஒண்ணும் புரியாது. நீ கேட்டு எனக்குச் சொல்லு," என்றான்.

போனேன். என் தங்கை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை போனதையும் காது போனதையும் நானே சொன்னேன். அவன் சொன்னபடியே அழுதாள். அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னாள். அவன் அவள் வாயைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாகத் தவித்தான். வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சொன்னதை அண்ணன்காரன் வாயால் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொன்னேன்.

"மண்ணெண்ண இல்லாம சீக்கிரம் வெளக்க அணைச்சுடறீங்களாமே. அதுக்கப்புறம் அவ இருட்டுல எம்மா பேசினாலும் நீ பதிலே சொல்றதில்லியாம். அவள உனக்குப் புடிக்காம பூட்ச்சுன்னு ஒரு வருஷமா நெனச்சுகினு கீறாளாம்."

அவன் அவள் மடியிலிருந்த முறத்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு அவளுக்கு எதிரில் நெருங்கி உட்கார்ந்தான். இருட்டில் என்னென்ன பேசினாயோ அதையெல்லாம் இப்போது சொல்லு என்றான். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்து, அழுகையை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.