உடையப்பன் தூக்கி எறிந்த தகரம்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய அமெரிக்க மஸில் கார்களின் என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் என்றால் உடையப்பன்தான். காளையார்கோவில் பக்கம் டிராக்டரிலும் லாரியிலும் பழகிய கை. கார்பன் பிரஷ் மாற்ற யாராலும் முடியும். நாற்பது வருஷத்துச் செம்புக் காயிலை வெளியே எடுத்து, கருகிய துணியை உரித்து, புது நாடா சுற்றி, வார்னிஷில் முக்கி, அதே பழைய கூட்டுக்குள் உட்கார வைக்க உடையப்பன் வேண்டும். இதை ரோலாவில் இருக்கும் ரூமில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவனே சொல்லிவிடுவான். ரூம்காரர்கள் சோற்றைப் பிசைந்தபடி உம் கொட்டுவார்கள்.

2006 மே மாதம் ஒரு அரபிப் பெரியவரின் சிவப்புக் கார் வந்தது. "புதுசா சின்ன மோட்டார் வச்சிடலாம்" என்று ஒர்க்‌ஷாப் மலையாளி மேனேஜர் சேதுமாதவன் சொல்லிப் பார்த்தார். பெரியவர் ஒப்பவில்லை. எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும், ஒரு ஸ்குரூகூட மாறக்கூடாது. உடையப்பனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கழற்றிய வாஷரைக்கூட டீ கிளாஸில் போட்டுப் பத்திரப்படுத்தினான். ஆனால் மோட்டாரின் மேல் துருப்பிடித்த தகரம் ஒன்று வளைந்து மூடிக்கிடந்தது. ஊரில் எந்த லாரி மோட்டாருக்கும் அப்படித் தகரம் கிடையாது. எவனோ நெய் டின்னை வெட்டி ஒட்டுப்போட்டிருக்கிறான் என்று நினைத்து, பிடுங்கிக் குப்பை டிரம்மில் வீசினான். யாரையும் கேட்கவில்லை. அவனுக்கா சொல்லித்தர வேண்டும்?

கார் போனது. வந்த வெள்ளிக்கிழமையே ஜும்மா முடிந்து பெரியவர் சாவியைத் திருப்ப, 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி நகரவில்லை. பள்ளிவாசல் வாசலில் ஊரே பார்க்க நின்றார். காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். வெயில் காலத்தில் ஒர்க்‌ஷாப் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத்தான் திறக்கும். நாலு மணிக்குச் சாவியைத் திருப்பினால், ஒரு குறையும் இல்லாதது போல் ஸ்டார்ட் ஆனது. இதே கதை மூன்று முறை நடந்தது.

"மோட்டார்ல ஒண்ணுமில்ல சேட்டா. வயரிங்கப் பாக்கச் சொல்லுங்க" என்றான் உடையப்பன். மோட்டாரைக் கழற்றி மேஜைமேல் ஓட்டியும் காட்டினான்.

வயரிங் கௌஸ் முகம்மதின் வேலை. இளையான்குடிக்காரர், அதே ரூமில் பக்கத்துக் கட்டில். உடையப்பனுக்கு அம்மை போட்டிருந்தபோது பதினைந்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். வயரை இரண்டு தடவை முழுக்க மாற்றினார். "என் வயர்ல லூஸ் இருந்தா என் கைய வெட்டிப்போடு" என்று கத்தினார். யார் கேட்டார்கள்? மூன்றாம் முறை பெரியவர் போட்ட சத்தத்தில் சேதுமாதவனுக்கு யாரையாவது காவு கொடுத்தாக வேண்டியிருந்தது. கௌஸ் முகம்மதின் விசாவைக் கேன்சல் செய்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு டிக்கெட்.

பாவம்தான், என்ன செய்வது, வேலையில் கவனம் வேண்டாமா என்று உடையப்பன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

புதன்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குப் பெரியவர் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். என்ஜினை அணைத்தார். மறுபடி சாவியைத் திருப்பினார். டக். "இப்ப பாரு, என் கண் முன்னாடி பாரு" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உடையப்பன் அடியில் புகுந்தான். கொதிக்கும் சைலன்சர் பைப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான். மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. அதன் பக்கவாட்டில், இத்தனை நாள் அவன் பொருட்படுத்தாத இரண்டு ஓட்டைகள் ஸ்குரூ இல்லாமல் வெறுமனே இருந்தன. ஒட்டுப்போட்ட தகரத்துக்குக் கம்பெனி எதற்கு ஓட்டை வைக்கப்போகிறது? அது பைப்பின் சூட்டைத் தடுக்கும் மறைப்பு. அது இல்லாமல் மோட்டார் சூடேறிச் சுற்ற மறுத்திருக்கிறது, நாலு மணிக்குள் ஆறித் தானே சரியாகியிருக்கிறது.  உடையப்பனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அன்று அவன் சாப்பிடப் போகவில்லை. புதுத் தகரம் வெட்டி, வளைத்து, அந்த ஓட்டைகளிலேயே பொருத்தினான். நடு வெயிலில் காரைச் சுற்றவிட்டு, அணைத்து அணைத்துப் பத்துத் தடவை ஸ்டார்ட் செய்தான். பத்துத் தடவையும் எடுத்தது. பெரியவர் அவனைக் கட்டிக்கொண்டார்.

அவர் போனதும் சேதுமாதவனின் அறைக்குள் போய் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"தப்பு என்மேல சேட்டா. கௌஸ் பாயப் போகவிடாதீங்க."

"அவன் பேப்பர்ல ஒப்பு போட்டாச்சு. இனி மாஃபி, ஒண்ணும் செய்ய முடியாது. வண்டி ஓடுதில்லே? கலாஸ், முடிஞ்சது."

"நான் அரபிகிட்டச் சொல்றேன்."

"சொல்லு. ரெண்டு பேரும் ஒரே பிளைட்ல போலாம்."

 ஊரில் மகள் ராதிகா பன்னிரண்டாவது படிக்கிறாள். அவன் பெரியவரிடம் போகவில்லை. அந்தக் கேவலம் அவனுக்கே தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கௌஸ் முகம்மது அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உடையப்பன் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான், பயந்து வாய் மூடியது உட்பட. அவர் திட்டவில்லை. கயிற்றை இறுக்கினார். 

"வேல போனா போகுது. கவனக்கொறவுன்னு வெரட்டிட்டாங்கன்னு என் வீட்ல நெனைக்கும்ல? நான் சொன்னா சால்ஜாப்புன்னுவா. நீ சொல்லு. உன் வாயால ஹாலிதாகிட்டச் சொல்லு."

போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டு, போனை அவன் கையில் கொடுத்தார். இளையான்குடியில் அவர் மனைவி ஹாலிதா எடுத்தாள்.

"தங்கச்சி, உடையப்பன் பேசுறேன். பாய் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் ஒரு தகரத்தத் தூக்கிப் போட்டுட்டேன். பழி அவர் மேல விழுந்துருச்சு."



"உங்களுக்கு எம்புட்டு நல்ல மனசுண்ணே" என்றாள் ஹாலிதா. "அவுகளுக்காக நீங்க பழிய ஏத்துக்கிறீகளே. அவுக அவசரக்காரவுகன்னு எனக்குத் தெரியாதா? எதையும் முழுசாப் பாக்க மாட்டாக. விடுங்கண்ணே, வந்து சேரட்டும்."

"இல்லம்மா, நெசமாத்தான்…"

கார்டில் காசு தீர்ந்து லைன் துண்டித்துக்கொண்டது. உடையப்பன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கௌஸ் முகம்மது கயிற்றை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டாங்க பாய்."

அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கௌஸ் முகம்மது சிரித்தார்.