பாய் கேட்ட ஒரு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. காரைக்குடி அலுவலகத்தில் ஐந்து பேர் வட்டமாக நின்று அன்றைய வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சபியுல்லா மட்டும் வரவில்லை. அவருடைய மைத்துனர் தேவகோட்டையிலிருந்து அழைத்தார். விடிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான், போய்விட்டார்.

குழுவை நடத்திய தேனம்மைக்கு முப்பது வயது. சபியுல்லாவுக்கு நாற்பத்தொன்று. பதினான்கு வருடம் வளைகுடாவில் கடைச் சரக்கைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மென்பொருள் படித்து வேலைக்குச் சேர்ந்தவர். கை மெதுவாகத்தான் ஓடும். இளையவளானாலும் ஊர் வழக்கப்படி அவளை ஆச்சி என்றே அழைப்பார். தினமும் காலையில் "முடிஞ்சிரும் ஆச்சி" என்பார். முடியாது.

பேருந்து நிறுவனம் ஒன்றுக்கு டிக்கெட் மென்பொருள். முந்தின நாள், திங்கட்கிழமை, ஒப்படைத்தாக வேண்டியிருந்தது. ரத்தான இருக்கையை அடுத்தவருக்குக் கொடுக்கும் பகுதி அவருடையது. ஒன்பது நாளாகியும் ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போய்க்கொண்டிருந்தது.

வயதில் மூத்தவரை நேரே குறை சொல்லத் தேனம்மைக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை அவளே அதை எழுதிச் சேர்த்துவிட்டாள். மற்றவர்களிடம் சொன்னாள், அவரிடம் சொல்லவில்லை. அது தெரியாமல் அவர் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். சனிக்கிழமை மாலைதான் பார்த்தார்.

"என்ன ஆச்சி, நான் அடுப்படியில கெடந்து வேகுறேன், நீங்க பந்தியவே முடிச்சிட்டீக போல?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு அவள் மேசையருகே வந்து குரலைத் தணித்தார்.

"எங்க தப்பு விட்டேன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு மணி நேரம் போதும்."

"திங்கக்கிழமை தாண்டட்டும் பாய். உக்காந்து பாப்போம்."

கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருந்த அவர் மனைவி சுஹானாவைப் பார்க்க, அலுவலகத்தில் இருந்தவர்களில் உள்ளறை வரை போக முடிந்தவள் தேனம்மை மட்டுமே. வேலையில் ஏதும் நெருக்கடியா என்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆச்சி சொல்லித் தாரேன்னு இருக்காகன்னு சொன்னாக" என்றாள் சுஹானா. "திங்கக்கிழமை ராத்திரி நல்லாச் சாப்பிட்டாக."

நெருக்கடியா என்றே கேட்டிருந்தால் தேவலை.

காலையில் வட்டமாக நிற்கும்போது அவர் நின்ற இடத்தில் இன்றும் யாரும் நிற்பதில்லை. முறை அங்கே வந்ததும் ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்தவர் தொடங்குகிறார். தேனம்மைக்கு மட்டும் அங்கே அவர் குரல் கேட்கிறது. குனிந்தே நிற்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை ஆறு பத்துக்கு, தன் பகுதியைத் தானே மறுபடி திருத்தி, சரி பார்க்கச் சொல்லி அவளுக்கு அனுப்பியிருக்கிறார். பதினேழு வரி. கணினியில் அது இன்னும் சரி பார்க்க வேண்டியவள் என்று அவள் பெயரில்தான் நிற்கிறது. அவள் திறக்கவில்லை.