இறுகிய பெடலை எடுத்தவர்

எங்கள் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவருக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் தகரம் வெட்டும் பிரஸ்ஸைக் காலால் மிதிக்கும் வேலை. 1991இல் குழுவுக்குப் பழைய டிரம் செட் ஒன்று வாங்கினோம். பெரிய டிரம்மை அடிக்கும் கால் பெடல் மட்டும் அதில் இல்லை. அவருக்கு ஷிஃப்ட் முடிந்ததும் பூந்தமல்லியில் பழைய வாத்தியங்கள் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனேன்.

நாள் முழுக்க பிரஸ்ஸை மிதித்ததில் அவருடைய வலது கணுக்கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசிக்கும்போது செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டு, கடைக்காரர் வைத்த பெடல்களை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். ஒன்று தொட்டாலே அடித்தது. அதை ஒதுக்கிவிட்டு, ஸ்பிரிங் இறுகிப்போன கனமான பெடலை எடுத்தார்.

"இந்தக் காலை வச்சிகினு இத எப்படி மிதிப்பே? லேசா கீறதையே எடுத்துக்கோ," என்றேன்.

"வேணாம்ணே. மிஷின்ல என் காலு தன்னால போய்கினு கீது. இதுனா நான் மிதிச்சாத்தான் அடிக்கும்."

கடைக்காரரிடம் அதற்கே பணத்தைக் கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில், பெடலை மடியில் வைத்தபடி, செம்பரம்பாக்கம் வருமுன்பே தூங்கிவிட்டார். சற்று நேரத்தில் அந்த வலது கால் பஸ்ஸின் தரையை மிதிக்கத் தொடங்கியது. ஒரே சீராக, நிற்காமல் மிதித்தது. என்ன பாட்டு என்று ஊர் வரும்வரை கவனித்தேன். நாங்கள் வாசிக்கும் எந்தப் பாட்டிலும் அந்தத் தாளம் இல்லை.