கம்பி என் உடலில் இருந்த ஆறு மணி நேரம்

தொழுகையில் குனிந்து நின்றபோதுதான் அம்மா அதைப் பார்த்தார்.

வழக்கமாக இருவரும் அடுத்தடுத்து நின்று தொழுவோம். அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்திருந்த என்னைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாக எழுந்து நின்றதாம். தொழுது முடித்ததும் என்னை மறுபடியும் குனியச் சொன்னார். இன்னொரு முறை சொன்னார்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

உண்மையாகவே வலிக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அத்தா, அதாவது என் தந்தை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தார்.

மகளின் முதுகைப் பார்த்துத் திகைத்து நிற்கும் பெற்றோருக்காகவும் அந்த மகளுக்காகவும் இதை எழுதுகிறேன். இது நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். இன்று அறுவை நடக்கும்போதே கருவிகளை வைத்து நரம்புகளைக் கண்காணிக்கிறார்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும் என்று எண்ண வேண்டாம்.

கோயம்புத்தூரில் ஒரு எலும்பு மருத்துவர், தொழுகையில் நிற்பதுபோலவே என்னைக் குனியவைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்ளும் நிலை) என்றார்.

"தண்ணிக் கொடம் தூக்குனதுனால வந்துருச்சுங்களா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா. நீங்க செஞ்ச எதனாலும் வரல. ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியாது."

அந்தப் பதில் அம்மாவுக்கு ஆறுதலாக இல்லை. தன் தவறு என்று ஏதாவது இருந்திருந்தால் அதைத் திருத்தியிருப்பார்.

மாவுக்கட்டு போட்டார்கள். அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டார்கள். இரண்டு கோடைகள் அதற்குள்ளேயே கழிந்தன. நான் வளர வளர வளைவும் வளர்ந்தது. பதினான்கு வயதில் பள்ளி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. விலா எலும்புகள் நுரையீரலை நெருக்குவதாகச் சொல்லி, ரயிலில் போகும் தூரத்தில் இருந்த பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்த அறுவை மருத்துவர் பொறுமையானவர். காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். வளைவின் மேலும் கீழும் இரண்டு கொக்கிகளை மாட்டி, நடுவே ஓர் எஃகுக் கம்பியைப் பொருத்தி நீட்டுவார்கள். முதுகு நிமிரும். இடுப்பிலிருந்து சீவி எடுத்த எலும்புத் துணுக்குகளை அதன்மேல் பரப்புவார்கள். நாளடைவில் அந்த இடம் ஒரே எலும்பாக ஒட்டிக்கொள்ளும்.

"கம்பி துருப்புடிக்காதுங்களா?" என்றார் அத்தா.

"பிடிக்காது. ஆனா ஒண்ணு சொல்லியாகணும். முதுகை நிமித்தும்போது தண்டுவடமும் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) இழுபடும். அபூர்வமா கால் செயலிழந்து போயிடலாம்."

அத்தா எழுந்துவிட்டார். "இது நடந்துட்டு இருக்கற புள்ளைங்க. கூனோடயே நடந்துட்டு இருக்கட்டுமுங்க."

"மூச்சு முட்டுதுங்களே," என்றார் அம்மா. "நாளைக்கு மூச்சே நின்னுட்டா, நடந்து என்ன பண்ணுவா?"

வராந்தாவில் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அத்தா சொன்னது எனக்குக் கேட்டது. "அப்ப நீயே கையெழுத்துப் போடு. என்னால ஆகாது."

அம்மாவே போட்டார்.

அறுவை காலையில் நடந்தது. எனக்கு நினைவு திரும்பியபோது மதிய வெயில் ஜன்னலில் இருந்தது. மருத்துவர் என் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"கால் விரலை அசை பார்க்கலாம்."

அசைத்தேன்.

"அசைம்மா."

"அசைச்சுட்டனுங்களே," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியால் எங்கோ குத்தினார். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றி வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். சற்றுத் தள்ளி மருத்துவர் என் பெற்றோரிடம் பேசினார். கம்பியை உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் நிமிர்ந்த முதுகு மறுபடி வளையும். எடுத்தாலும் கால் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அத்தா சுவரில் நெற்றியை வைத்தபடி நின்றார். இரண்டாவது காகிதத்திலும் அம்மாவே கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு என்னருகே வந்து குனிந்தார். என் பெற்றோரை நான் 'நீங்க' என்று சொல்லித்தான் பழக்கம். அன்று சொன்னேன்:

"நீதான் என்னய இப்படி ஆக்குன."

அம்மா என் முகத்திலிருந்த வியர்வையை முந்தானையால் துடைத்தார். மாலை ஐந்து மணிக்குக் கம்பியை எடுத்துவிட்டார்கள். அது என் உடலில் இருந்தது ஆறு மணி நேரம். பரப்பிய எலும்புத் துணுக்குகளை மட்டும் அங்கேயே விட்டுவைத்தார்கள்.

அதற்குப் பின் வந்த நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் இல்லை. போர்வையின்கீழ் இருந்த கால்கள் வேறு யாருடையவோ போலிருந்தன. சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்தார்கள். அத்தா வேலைக்குத் திரும்பிப் போனார். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார். அம்மா என் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவரிடம் பேசவில்லை. சாக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அம்மா திடீரென எழுந்து வெளியே போனார். நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க பாருங்க சிஸ்டர். நான் பாத்தது பொய்யா இருந்தாலும் இருக்குமுங்க."

வலது கால் கட்டைவிரல் அசைந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாம்மா," என்றார். அப்போதுதான் அம்மா அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்க்கவில்லை.

வலது கால் சில வாரங்களில் திரும்பியது. இடது கால் பாதிதான் வந்தது.

கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு ஒட்டும்வரை ஒன்பது மாதம் படுத்தே இருக்க வேண்டும். திருப்பூர் வெயிலில் கட்டுக்குள் வியர்வை ஓடும், அரிக்கும், நாறும். கட்டின் விளிம்பு தோலை அறுத்தது. அத்தா கம்பெனியிலிருந்து மெல்லிய பனியன் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து விளிம்பு முழுக்கச் செருகிவிடுவார். (இப்படிக் கட்டுப் போட்டிருப்பவர்கள் கவனிக்க: குச்சியை உள்ளே விட்டுச் சொறியாதீர்கள். எனக்கு அதில் புண் வைத்துவிட்டது.) அத்தா என்னோடு பேசுவார். அம்மாவோடு பேசமாட்டார்.

மூன்றாம் மாதம் நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

"என்னய உட்ருங்கம்மா," என்றேன்.

"உட மாட்டேன்," என்றார் அம்மா. கையில் சோற்றுத் தட்டு இருந்தது. "ஏசோணுமா, ஏசு. எத்தன வேணும்னாலும் ஏசு. ஏசறதுக்கு வாயத் தொறப்பயில்ல, அப்ப சோத்த வெச்சுருவேன்."

நான் ஏசினேன். நிஜமாகவே ஏசினேன். அவரும் சொன்னபடியே ஊட்டினார்.

கட்டைப் பிரித்த அன்று என் உடல் எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றுமே இல்லாததுபோல் லேசாக இருந்தது. தலை கழுத்தில் நிற்கவில்லை. இரண்டு பேர் தாங்கி என்னை நிறுத்தினார்கள். தரை வெகு ஆழத்தில் தெரிந்தது.

மருத்துவர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் விளக்கின் முன் மாட்டினார். "எலும்பு ஒட்டிடுச்சு. வளைவு இனி அதிகமாகாது."

"நிமிரலீங்களே," என்றார் அம்மா.

"நிமிராதும்மா. நின்னுடுச்சு. அவ்வளவுதான்."

முதுகில் மேடு அப்படியே இருந்தது. மூச்சு வாங்குவது குறையவில்லை, கூடவும் இல்லை. இதற்காகவா எல்லாம் என்று, திரும்பி வந்த ரயிலில் வழியெல்லாம் நினைத்தேன். பக்கத்தில் அம்மா இருந்தார். அதைச் சொல்லிவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அம்மா கேட்டார். "அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டது தப்புங்களா கண்ணு?" எனக்கு 'ங்க' போட்டு அவர் பேசியது அந்த ஒருமுறைதான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"தெரியலீங்கம்மா," என்றேன். "போடலீன்னா என்ன ஆயிருக்கும்னும் தெரியல."

அம்மா சோற்றுக் கரண்டியை எடுத்தார். "தப்புன்னு நீ சொல்லுவீன்னு நெனச்சேன்," என்றார். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

உங்கள் மருத்துவர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றோ, போடாதீர்கள் என்றோ சொல்ல எனக்குத் தகுதியில்லை. யார் போட்டாலும் அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

என் முதுகின் நடுப்பகுதி ஒரே எலும்பு. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது. முழு உடலோடும் திரும்பியாக வேண்டும். இடது பாதம் நான் நினைத்த பிறகு சற்றுத் தாமதமாகத்தான் எழுகிறது. வாசற்படியில், பேருந்துப் படியில், சாலையோரத்தில், ஒவ்வொரு முறையும் அந்தச் சிறு இடைவெளி வருகிறது. மற்றவர்கள் என்னைக் கடந்து போகிறார்கள். வலது காலை ஊன்றிக்கொண்டு, இடது கால் வந்து சேரும்வரை நான் நிற்கிறேன்.