இன்னொரு இறுக்கு

தண்ணீர் பாட்டிலை மூடியாகிவிட்டது. மூடி நன்றாக உட்கார்ந்துவிட்டது; இனி அது போக இடமில்லை. ஆனாலும் கீழ்வீட்டு லிஃப்ட்காரர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, "இன்னொரு இறுக்கு இருக்கட்டும்" என்று திருகுகிறார். அந்த வீட்டில் குழாயை மூடுவதும் அவர்தான். மறுபடி திறக்கவும் அவரே வரவேண்டும். ஒரு முறை சர்க்கரை ஜாடியைத் திறக்க முடியாமல் அவர் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி என்னிடம் வந்தார். மூச்சு முட்டும்வரை முயன்றுவிட்டு, சர்க்கரையைக் குறைப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

நான் அவர்களுக்கு நேர் மேலே குடியிருக்கிறேன். வீட்டிலிருந்தபடி அச்சுப்பிழை திருத்துவது என் பிழைப்பு.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருடங்களாக அடுக்குமாடிகளின் உச்சியில், கயிறும் கப்பியும் ஓடும் அறைகளில் வேலை. இறுக்கும் பழக்கத்தைக் கேலி செய்தால் கோபம் வராது. "பாட்டில் மூடி கழண்டா தண்ணி கொட்டும் சார். எங்க வேலைல போல்ட் கழண்டா ஆளுங்க கொட்டுவாங்க" என்பார். அதற்கு மேல் கேலி செய்ய யாருக்கு வாய் வரும்?

ஓய்வு நேரமெல்லாம் அவருக்குப் பின்னறையில்தான். மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து பழைய மில்லிங் மிஷின் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். மேஜையில் உலோகத்தைக் கவ்வ வைத்து, கைப்பிடியைச் சுற்றி நகர்த்தினால், மேலே சுழலும் வெட்டுளி சீவித் தள்ளும். இவர் கைப்பிடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டார்களை மாட்டி, கம்ப்யூட்டர் சொன்னபடி மேஜை நகரும்படி தானே மாற்றிவிட்டார். மனைவி அதற்கு வைத்த பெயர் மாமியார். "அவங்க மகராசியா போய்ச் சேர்ந்தாங்க. அந்த எடத்துல இதைக் கொண்டாந்து வெச்சிட்டாரு. அதே முனகல், அதே எண்ணெய் வாசனை. எந்நேரமும் இவரு அதுகூடத்தான்."

அந்த வியாழக்கிழமை காலை மாமியார் முனகவில்லை, அலறினார். என் மேஜையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இறங்கிப் போனேன்.

பின்னறையில் அவருடைய அக்கா சாதாரண மர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். சிறுவயதுக் காய்ச்சலில் கால்கள் விளங்காமல் போனவர். மடியில் புதுக் கைப்பை. மோட்டாரில் ஓடும் அவருடைய சக்கர நாற்காலி தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. இடப்பக்க மோட்டாரைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் அலுமினியத் துண்டு முந்தின நாள் மாலை வெடித்துவிட்டதாம். விற்றவர்களைக் கேட்டால் மூன்று வாரம் என்கிறார்கள். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா மொழிபெயர்ப்பாளராக வேலையில் சேரவேண்டும். தம்பி அதற்கு மாற்றுத் துண்டைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"நாம ரெண்டு பேருமா தூக்கிட்டுப் போய் விட்டுடலாமே" என்றேன், பெரிய யோசனை சொல்வதுபோல.

அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார். "பத்து வருஷம் முன்னாடி ஒரு ஆபீஸுக்கு அப்படித்தான் போனேன். தூக்கிட்டுப் போய் உட்கார வெச்சாங்க. அப்புறம் ஒருத்தரும் எனக்கு வேலை கொடுக்கலை, தண்ணிதான் கொடுத்தாங்க. 'வேணுமா, வேணுமா'ன்னு சாயங்காலம் வரைக்கும். நாலாம் நாள் நான் போகலை. இன்னிக்கு நானே ஓட்டிட்டுப் போனா போறேன். இல்லேன்னா வேலையே வேணாம்."

சண்டை போட வந்தவன் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன்.

அலுமினியக் கட்டி இரண்டு இருந்தன. ஒன்று ஏற்கெனவே பாழ். மேஜை இடது கோடியை நெருங்கும்போது எதிலோ பிடித்துக்கொண்டு நிற்கிறது, மோட்டார் கீச்சிடுகிறது. நின்றது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகிறது. திரையில் நூற்றுப் பன்னிரண்டு, மேஜையோ நூற்றெட்டிலேயே. அந்த நான்கு மில்லிமீட்டரில் துளை இடம் மாறி, கட்டி குப்பைக்குப் போயிற்று. மிச்சம் ஒரே கட்டி. வெட்ட ஒரு மணி நேரம், மாட்ட அரை மணி, போய்ச்சேர முக்கால் மணி. பன்னிரண்டரைக்குள் கோளாறு பிடிபடவேண்டும்.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். எண்ணெய் விட்டார். மேஜை ஆடாமலிருக்க இடுக்கில் செருகிய ஆப்புத் தகட்டைத் தளர்த்தினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த மேஜை அதே நூற்றெட்டில் அடம்பிடித்து நின்றது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, மேஜையை நகர்த்தும் நீளத் திருகுத்தண்டை இரண்டு விரலால் சுற்றினார். நடுவில் வெண்ணெய்போல் ஓடியது. கோடிக்குப் போகப் போக விரல் நுனி வெளுத்தது.

தண்டில் ஓடும் நட்டை மேஜையோடு பிணைக்கும் தகட்டின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினார். இப்போது மேஜையைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போயிற்று. தண்டைச் சுற்றினால் அதுவும் ஓடியது.

"தனித்தனியா பார்த்தா ரெண்டும் தங்கம்" என்றார் லிஃப்ட்காரர். "சேர்த்து வெச்சாத்தான் வம்பு."

"உங்க வீட்டு ஆளுங்க மாதிரியே" என்றார் வாசலில் நின்ற மனைவி. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

தவறு எங்கே என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்துவிட்டது. முன்பு மேஜையை நடுவில் வைத்துத் தகட்டை முடுக்கியிருந்தார். நடுவில் தண்டு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். கோடியில் பேரிங் பிடித்திருப்பதால் மயிரிழைகூட விட்டுக்கொடுக்காது. ஆகவே மேஜையை அது சிக்கிக்கொள்கிற இடத்துக்கே கொண்டுபோய், நட்டை அதன் போக்கில் உட்காரவிட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினார். விரலால் சுற்றினார். கோடிவரை ஓடியது! முகம் மலர்ந்து, "இன்னொரு இறுக்கு இருக்கட்டும்" என்று நான்கையும் ஒரு பிடி பிடித்தார். மோட்டாரை மாட்டி ஓட்டினால் நூற்றெட்டில் அதே கீச்சு.

மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கீச்சு. மணி பன்னிரண்டேகால். அவர் கழுத்தெல்லாம் வேர்வை. சுவரில் முட்டிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"டேய்" என்றார் அக்கா. "மெதுவா மாட்டினப்போ ஓடுது. அதுக்கப்புறம் நீ ஒண்ணு பண்றே பாரு, அப்போதான் நிக்குது."

"என்ன பண்றேன்?"

"எப்பவும் பண்றதுதான்."

லிஃப்ட்காரர் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். நான்கு போல்ட்டுகளையும் ஒரு நூல் அளவு தளர்த்திவிட்டு, விரலால் தண்டைச் சுற்றினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், திரும்பியும் வந்தது. அந்த மெல்லிய தகடு, கடைசி இறுக்கில் முறுக்கிக்கொண்டு நட்டைக் கோணலாக்கியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கடைசிக் கட்டியைக் கவ்வ வைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். திரை நூற்றைத் தாண்டியது. நூற்றெட்டு வந்தபோது எல்லாரும் திரையை விட்டு மேஜையைப் பார்த்தோம். கீச்சு இல்லை; மேஜை நகர்ந்துகொண்டே இருந்தது. நூற்றொன்பது. நூற்றுப் பத்து. மனைவி "அப்பாடா" என்று கதவு நிலையில் சாய்ந்தார்.

சீவல் சுருண்டு விழ விழ, லிஃப்ட்காரர் சும்மாயிராமல் வெடித்துப்போன பழைய துண்டைக் கையில் எடுத்தார். வெடிப்பு போல்ட் துளையிலிருந்து கிளம்பியிருந்தது. துளையைச் சுற்றி வாஷர் அழுந்திப் பள்ளமே விழுந்திருந்தது. போன மாதம் அந்த நாற்காலியை சர்வீஸ் செய்து கொடுத்தவர் வேறு யாருமில்லை.

"அக்கா. இதுவும் நான்தானா?"

"ஆமா."

"எப்போ தெரியும்?"

"நேத்து, உடைஞ்ச உடனே."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா உன் கை நடுங்கும். அந்தக் கையாலதானேடா இன்னொண்ணு செய்யணும்."

லிஃப்ட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைக்கத் தேவையில்லாத இடத்தையெல்லாம் துணியால் துடைத்தார். இவரைப் பற்றி வீட்டுக்காரருக்குப் புகார் எழுதியவன் நான். அந்தக் கடிதம் அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஒன்றே முக்காலுக்குப் புதுத் துண்டு நாற்காலியில் ஏறியது. அக்காவை அதில் உட்கார வைத்தோம். கழன்றுவிடாமலிருக்க மறை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுப் பசை விட்டு லிஃப்ட்காரர் முடுக்கினார். முதல் போல்ட், இரண்டாவது, மூன்றாவது. நான்காவது நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. ஸ்பானர் நின்றது. உடனே மணிக்கட்டில் நரம்பு புடைத்தது. உள்ளங்கை சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொண்டது. வாய், "இன்னொரு" வரை வந்துவிட்டது.

அக்கா நாற்காலியின் சாவியைத் திருகினார். நாற்காலி மெல்ல உறுமியது.

தம்பி ஸ்பானரை உருவி எடுத்தார். அக்காவின் மடியிலிருந்த புதுக் கைப்பையைத் திறந்து அதற்குள் போட்டார். நாற்காலி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, வளைவில் திரும்பி மறையும்வரை, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்தபடியே வைத்துக்கொண்டு நின்றார்.